இடுக்கில்லாத கூண்டு

"ஐயா, எத்தனை கோழி பாக்கறீங்க?" என்று கடைக்காரர் மேஸ்திரியிடம் கேட்டார். மேஸ்திரி மரவேலை செய்பவர். கோழியைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அது தட்டில் எப்படி வரும் என்பது மட்டும்தான். "ஆறு" என்று பதில் சொன்னது பக்கத்தில் நின்ற அவர் மனைவி. கடைக்காரர் அவளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு மறுபடியும் மேஸ்திரி பக்கமே திரும்பி, "ஆறுன்னா இந்த வெள்ளை ரகம் எடுத்துக்கங்க ஐயா. வருஷம் முழுக்க முட்டை, நிக்கவே நிக்காது" என்றார். மேஸ்திரி எல்லாம் தெரிந்தவர் போல மீசையைத் தடவினார். அவள் கைப்பையைக் கழற்றி மேசைமேல் தொப்பென்று வைத்தாள்.

"இங்க பாருங்க. கோழி எனக்கு. பேசறதை என்கிட்ட பேசுங்க."

பட்டறையில் வேலை செய்பவர்கள் அவளைப் பாலிஷக்கா என்று கூப்பிடுவார்கள். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பட்டறையில் மேஸ்திரி செய்கிற அலமாரி, மேசை, கட்டில் எல்லாவற்றையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இடுக்குகளில் மக்கு வைத்து அடைத்து, பாலிஷ் போடுவது முப்பத்தோரு வருஷமாக அவள்தான். வாங்க வருகிறவர்கள் மரத்தைத் தடவிப் பார்த்து, "மேஸ்திரி கைன்னா கைதான்" என்பார்கள். தடவுகிற அந்த வழவழப்பு யாருடைய கை என்று ஒருவரும் கேட்டதில்லை. கல்யாணமான முதல் வருஷமே கோழி வளர்க்க ஆசைப்பட்டாள். மரத்தூளில் கோழியா என்றார் மேஸ்திரி. பிறகு பிள்ளைகள் சின்னவர்கள் என்றார், பிறகு பெரிய ஆர்டர் முடியட்டும் என்றார். இந்த வருஷம் அவள் கேட்கவே இல்லை. "திங்கக்கிழமை கோழி வாங்கப் போறேன், வர்றதுன்னா வாங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள். அவர் பின்னாலேயே வந்தார், வாய் பார்க்க.

"இந்த வெள்ளை ரகம் அடைக்கு உக்காருமா?" என்று கேட்டாள்.

"உக்காராதும்மா. அந்தக் குணத்தையே எடுத்துட்டாங்க. உக்காந்தா முட்டை நின்னுடும்ல?"

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கூண்டுக்குள் வெள்ளைக் கோழிகள் தம் பாட்டுக்குத் தலையை நீட்டித் தின்றுகொண்டிருந்தன. ஓரிடத்தில் கால் மடக்கி உட்கார வேண்டும் என்ற ஆசையையே பிடுங்கிப் போட்டுவிட்டு, வேலையை மட்டும் வாங்குவது என்று முடிவு செய்தவன் யாரோ, அவன் எதிரே இருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பாள். மூலையில் பழுப்பு நிறத்தில் ஒரு ரகம் இருந்தது. கால்வரை பொசபொசவென்று இறகு, முகத்தில் யாரையும் மதிக்காத ஒரு பார்வை. வாரத்துக்கு மூன்று முட்டை வந்தால் பெரிது, ஆனால் உட்கார்ந்தால் கிளப்ப முடியாது என்றார் கடைக்காரர், அதன் குறையைச் சொல்வதாக நினைத்துக்கொண்டு. அவள் அதில் ஆறு எடுத்தாள். குஞ்சு பொரிக்கும் மெஷினைக் காட்டினார். உட்காருகிற கோழியை வாங்கிவிட்டு மெஷினையும் வாங்கினால் இரண்டில் ஒன்று கோபித்துக்கொள்ளும் என்று மறுத்துவிட்டாள். தீனிக்குத் தானே ஒரு மரத்தொட்டி செய்து தருவதாக மேஸ்திரி சொன்னார். தொட்டி என்றால் அதற்குள்ளேயே ஏறி நின்று எச்சமிடும் என்று சொல்லி, கோழியின் முதுகு உயரத்தில் தொங்கவிடும் தகர டப்பாவையும் அதற்கு ஜோடியாக ஒரு தண்ணீர்க் குடுவையையும் எடுத்துக்கொண்டாள்.

கடையின் கோடியில் புத்தகத் தட்டு ஒன்று இருந்தது. பளபளவென்று படம் போட்டதைக் கடைக்காரர் நீட்டினார். புரட்டினால் எல்லாக் கோழியும் அப்போதுதான் குளித்துவிட்டு வந்த மாதிரி இருந்தது. இன்னொன்று கால்நடை மருத்துவர் எழுதியது, தலையணைக்கு ஆகும். அடியில் அட்டை கிழிந்த ஒல்லிப் புத்தகம் ஒன்று கிடந்தது. பக்கமெல்லாம் ஓரத்தில் பென்சிலால் யாரோ எழுதி வைத்திருந்தார்கள். "அது பழசும்மா, யாரோ கிறுக்கி வச்சிருக்காங்க" என்றார் கடைக்காரர். "கிறுக்கினவங்க கோழி வளத்திருக்காங்க" என்று அதையே எடுத்துக்கொண்டாள்.

கூண்டை மட்டும் மேஸ்திரி விட்டுக்கொடுக்கவில்லை. "என் வீட்டுல, என் பொண்டாட்டி வளக்கற கோழிக்கு, கடையில கம்பிக்கூண்டு வாங்கறதா? ஊரு சிரிக்காது?" என்றார். அதில் ஒரு பிரியம் இருந்தது, அதை அவள் இல்லை என்று சொல்ல மாட்டாள். கோழிகளைக் கடையிலேயே விட்டுவைத்து, பதினைந்து நாள் ராப்பகலாக இழைத்தார். பலகைக்குப் பலகை காடி வெட்டிப் பொருத்தினார். முன்பக்கம் கண்ணாடி ஜன்னல். கதவை மூடினால் நல்ல அலமாரி மூடுகிற அதே சத்தம். பாலிஷக்காவும் சும்மா இருந்தாளா? கை அரித்தது. பலகை சேரும் இடங்களில் நூலளவு இடுக்கு இருந்தால்கூட மக்கு வைத்து அடைத்தாள், தேய்த்தாள், மூன்று கை பாலிஷ் போட்டாள். பார்க்க வந்த நாத்தனார், "அண்ணா, எனக்கும் இதுல ஒரு ரூம் ஒதுக்கிக் குடு" என்றாள். அவள் எடுத்து அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, யாரோ ஒரு பெரிய மனிதர் இதே மாதிரி நான்கு வேண்டும், ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தார். மேஸ்திரிக்குத் தரையில் கால் படவில்லை.

கோழிகள் குடிவந்த மூன்றாம் நாள், வியாழக்கிழமை காலை, கதவைத் திறந்தவளுக்குக் கண் எரிந்தது. உள்ளேயிருந்து வந்த எச்சத்தின் நெடி மூக்கில் ஏறியது. ஜன்னல் கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது, கூரைப் பலகையில் நீர் முத்து முத்தாகத் தொங்கியது. ஐந்து கோழிகள் முண்டியடித்துக்கொண்டு வெளியே வந்தன. ஆறாவது, எல்லாவற்றிலும் திமிர் பிடித்தது, வாயைத் திறந்துவைத்துக்கொண்டு உள்ளேயே நின்றது. ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டையில் கரகரவென்று சத்தம். அவள் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஒல்லிப் புத்தகத்தை எடுத்தாள். கூண்டைப் பற்றிய பக்கம். கோழி உட்காரும் கம்புக்கு மேலே, இரண்டு பக்கமும் காற்று போக வழி வேண்டும் என்று அச்சில் இருந்தது. படித்திருந்தாள்தான். ஜன்னல் இருக்கிறதே என்று நினைத்திருந்தாள், அது திறக்காத ஜன்னல் என்பது புத்தியில் ஏறவில்லை. ஓரத்தில் பென்சில் எழுத்து: "குளிருமே என்று எல்லாம் அடைத்தேன். மூன்று போயின. குளிரால் இல்லை, மூச்சால்."

அடைத்தவர்கள் பட்டியலில் தன் கையும் உண்டு என்பது அவளைச் சுட்டது. நூலளவு இடுக்கையாவது விட்டுவைத்திருக்கலாம்.

மேஸ்திரி காப்பித் தம்ளரோடு வந்து நின்றார். விஷயத்தைச் சொன்னாள். மேலே இரண்டு பக்கமும் வரிசையாகத் துளை போட வேண்டும்.

"என் வேலையில ஓட்டையா?" என்றார். "ஓட்டை போட்டா அதுக்குப் பேரு கூண்டு இல்ல, சல்லடை."

"கோழிக்குச் சல்லடைதான் வேணுமாம்."

"புது இடம், பழகிக்கும். ஞாயித்துக்கிழமை அந்த மனுஷன் வந்து பாத்துட்டுப் போகட்டும், அப்புறம் பாக்கலாம்."

"அதுவரைக்கும் மூச்சைப் பிடிச்சுக்கன்னு சொல்லட்டுமா?"

அவர் தம்ளரை வாய்க்குக் கொண்டுபோனார். அப்புறம் பாக்கலாம் என்ற அந்த இரண்டு வார்த்தையை அவள் இந்த வீட்டில் எத்தனை முறை விழுங்கியிருப்பாள் என்று அவருக்குத் தெரியாது. இன்றைக்கு அது தொண்டையில் இறங்க மறுத்தது. மடியில் இருந்ததை முருங்கை நிழலில் வைக்கோல்மேல் விட்டுவிட்டுப் பட்டறைக்குள் போனாள். மேஸ்திரியின் சாமான்களை வேறு கை தொடக் கூடாது என்பது அங்கே சட்டம். முப்பத்தோரு வருஷமாக அவளும் தொட்டதில்லை. சுவரில் மாட்டியிருந்த டிரில் மெஷினை எடுத்து, இருப்பதிலேயே பெரிய துளையூசியை அதில் மாட்டி, நீள வயரை இழுத்துக்கொண்டு கொல்லைக்கு வந்தாள். பயமாகத்தான் இருந்தது, அதற்காகத் திரும்பிப் போகிறவளாக இல்லை.

கொல்லைச் சுவரைப் பார்த்த பக்கத்துப் பலகையில் முதல் துளை. தான் போட்ட பாலிஷ் முதலில் சுருண்டு உரிந்தது, பிறகு மரம் பொடியாகக் கொட்டியது. ஊசி மறுபக்கம் துளைத்துப் போனபோது, கூரையடியில் இன்னும் தேங்கியிருந்த வெக்கை அவள் முகத்தில் அடித்தது. இரண்டாவது கொஞ்சம் மேலே ஏறிப்போனது. மூன்றாவது இறங்கியது. ஏழு துளை போட்டு முடித்து, ஊசியில் ஒட்டிய மரப்பொடியை ஊதித் தள்ளினாள்.

"பென்சில் கோடாவது போட்டிருக்கலாம்ல. எல்லாம் கோணல்" என்றார் பின்னாலிருந்து. குரல் உடைந்திருந்தது. அவளுக்குப் பாவமாக இருந்தது, மெஷினைக் கீழே வைக்கத்தான் மனசில்லை.

"இருக்கட்டும். காத்து கோணலாவும் போகும்."

வயரை உதறிக்கொண்டு எதிர்ப்பக்கம் வந்தாள். இந்தப் பக்கம்தான் படத்தில் வந்த பக்கம். காலை வெயிலில் மரத்தின் ரேகை ஓடுவது கண்ணாடிக்குள் ஓடுவது போலத் தெரிந்தது. மேஸ்திரி தம்ளரைத் தரையில் வைத்துவிட்டு விறுவிறுவென்று வந்து, கம்புக்கு மேலே அந்த உயரத்தில், வலது கையை விரித்துப் பலகைமேல் வைத்தார்.

"ஒரு பக்கம் போட்டாச்சுல்ல. இந்தப் பக்கம் வேண்டாம்."

"ஒரு பக்கம் உள்ள வந்தா இன்னொரு பக்கம் வெளிய போகணும். கையை எடுங்க."

அவர் எடுக்கவில்லை. விரல் நுனிகளில் பழைய வெட்டுத் தழும்புகள், நகக்கண்ணில் பிசின். அந்தக் கை செய்ததையெல்லாம் அவள் கை தடவித் தடவித்தான் ஊருக்கு அனுப்பியிருக்கிறது. முருங்கை நிழலில் அந்தத் திமிர் பிடித்த கோழி ஒரு தும்மல் போட்டது. தலையை உதறிவிட்டு, வாயைத் திறந்தபடியே இவர்கள் பக்கம் பார்த்தது. அவள் டிரில்லைத் தூக்கி, விரிந்திருந்த அவருடைய கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தெரிந்த வழவழப்பான மரத்தில் ஊசி நுனியை ஊன்றினாள். விசையில் விரலை வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தபடி நின்றாள்.