உயிருடன் கண்டறியப்பட்டார்

அமெரிக்காவின் நடுவில் இருக்கும் ஒரு மாநிலத்தில் யார் செத்தாலும் அந்தத் தாள் ஷார்ஜா தொழில்பேட்டைக்கு வருகிறது. கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறையின் மாடியில் எங்கள் அலுவலகம். நாற்பத்திரண்டு பேர். டாக்டர் எழுதிய மரணக் காரணத்தைப் படித்து அதற்குரிய குறியீட்டைப் போடுவது வேலை. மாநிலத்தின் பெயரை வெளியே சொல்லக்கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது.

நான் அங்கே போனதில்லை. ஆனால் அங்கே எப்படிச் சாகிறார்கள் என்று தெரியும். முதலில் இதயம், அடுத்துப் புற்றுநோய், மூன்றாவது விபத்து. ஜனவரியில் பனியை அள்ளும்போது சாகிறார்கள். ஜூலையில் டிராக்டர் கவிழ்கிறது. ஐந்து ஆண்டுகளாக மறதி நோய் ஏறிக்கொண்டே வருகிறது. நுரையீரல் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ஷார்ஜாவில் நான் குடியிருக்கும் ரோலாவில் என் பக்கத்து ஃப்ளாட்காரர் பெயர் எனக்குத் தெரியாது.

எங்கள் வேலையில் முதலில் சொல்லித் தருவது இதுதான்: ‘இதயம் நின்றது’ என்பது காரணம் அல்ல. எல்லோருக்கும் கடைசியில் அதுதான் நடக்கிறது. அது எதனால் என்று அடுத்த வரியில் எழுத வேண்டும். அதுவும் எதனால் என்று அதற்கும் கீழே. கடைசி வரியில் இருப்பதுதான் கணக்கில் ஏறும். இதயம் நின்றது என்று மட்டும் வந்தால் ஒரு பட்டனை அழுத்துவோம். அந்த டாக்டருக்குக் கேள்வி போகும்: ‘எதனால்?’ ஏழு நாளில் அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

பக்கத்து சீட் அஸ்கர் அலிக்கு இது வியாதியாகவே ஆகிவிட்டது. காயல்பட்டினத்துக்காரன்.

“லிஃப்ட் மாஃபி, வேல செய்யல,” என்று ஒருநாள் மூச்சிரைக்க வந்து உட்கார்ந்தான்.

“எதனால்?” என்றேன்.

“மோட்டார் போச்சு.”

“எதனால்?”

“வாட்ச்மேன் தண்ணி ஊத்திக் கழுவிட்டான்.”

“எதனால்?”

“பொஞ்சாதி ஊர்லேர்ந்து ஃபோன்ல ஏசிட்டாளாம். கோவத்துல கழுவியிருக்கான். அவ பேர்ல குறியீட்டப் போட்டு முடி.”

என் மனைவி சம்யுக்தா பிப்ரவரி மாதம் இறந்தாள். இருபத்தொன்பது வயது. ஆஸ்பத்திரி கொடுத்த தாளில் ஒரே வரி: இதயம் நின்றது. கீழே இரண்டு வரிகள் காலி. என் மேஜைக்கு வந்திருந்தால் பதினோரு நொடியில் திருப்பி அனுப்பியிருப்பேன். ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டேன். அந்த டாக்டர் வேலையை விட்டு வேறு நாட்டுக்குப் போய்விட்டார் என்றார்கள். ஃபைல் க்ளோஸ் என்றார்கள். ஒரே வரியை வைத்துக்கொண்டு அவளுடைய விசா ரத்தாயிற்று, பாஸ்போர்ட் ரத்தாயிற்று, பெட்டி திருச்சிக்குப் போயிற்று. ஊரில் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அவள் அம்மாவிடம் போனார்கள். என்னிடம் ஃப்ளைட் எத்தனை மணிக்கு என்று கேட்டார்கள்.

பத்தொன்பதாம் நாள் டியூட்டிக்கு வந்தேன். மேனேஜர் சேதுமாதவன் எனக்குக் கை வைத்த நாற்காலி ஒதுக்கினார். யாரும் எதுவும் கேட்கவில்லை. கீழே காலியாக இருந்த இரண்டு வரிகளில் என்ன இருந்திருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. நானும் யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் அலுவலகத்தில் ஒரு பழக்கம் உண்டு. மாதத்தின் முதல் நாள், சிஸ்டம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க ஆளுக்கு ஒரு பொய் மரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். எல்லோரும் தங்களுக்குப் பிடிக்காதவர்களைக் கொல்வார்கள். அஸ்கர் தன் வீட்டுக்காரரைப் பதினான்கு விதமாகக் கொன்றிருக்கிறான். ஒருமுறை ஒட்டகம் கடித்து. சேதுமாதவன் நான்கு தடவை வெறிநாய்க்கடியில் போயிருக்கிறார். அவருக்கு அது தெரியும். மரியாதையாகவே எடுத்துக்கொள்வார். இந்தப் பொய் மரணங்களுக்கு 999 என்று ஒரு பொய் மாவட்டம் இருக்கிறது. அதிலிருந்து யாருக்கும் கேள்வி போகாது.

ஜூன் முதல் தேதி நான் சம்யுக்தாவைப் பதிவு செய்தேன். பெயர், பிறந்த ஊர், கணவன் பெயர், எல்லாம் உள்ளது உள்ளபடி. காரணம்: இதயம் நின்றது. மாவட்டத்தில் 999 போடவில்லை. அந்த மாநிலத்தில் இருப்பதிலேயே சின்ன மாவட்டத்தின் எண்ணைப் போட்டேன். ஜனத்தொகை அறுநூற்றுப் பதினொன்று. பிறகு பட்டனை அழுத்தினேன்.

யாரிடமாவது அந்தக் கேள்வி போகவேண்டும் என்று இருந்தது. வேறு திட்டம் எதுவும் இல்லை.

டாக்டர் பெயர் இல்லாததால் கேள்வி அந்த மாவட்டத்தின் இறப்பு விசாரணை அதிகாரிக்குப் போயிற்று. பெயர் வெண்டல். அங்கே அது தேர்தலில் நின்று ஜெயிக்கும் பதவி. மற்ற நேரத்தில் டயர் கடை வைத்திருக்கிறார். ஐந்தாம் நாள் பதில் வந்தது.

‘இந்தப் பெண்மணியை எனக்கு நினைவில்லை. வெட்கப்படுகிறேன். இவ்வளவு சின்ன ஊரில் நினைவிருக்க வேண்டும். இன்னும் ஏழு நாள் அவகாசம் கொடுங்கள்.’

கொடுத்தேன்.

‘தேவாலயத்தில் அறிவித்தேன். இரண்டு பேர் அவரைப் பார்த்ததாக நினைக்கிறார்கள். ஒருவர் உறுதியாகச் சொல்கிறார்.’

அடுத்த வாரம்: ‘பெட்ரோல் பங்க்கில் இருக்கும் டோரிஸ் அவரை நன்றாக அறிவாராம். அதிகம் பேசமாட்டார், சூரியகாந்தி விதை வாங்குவார் என்கிறார். காரணம் இன்னும் கிடைக்கவில்லை. விடமாட்டேன்.’

சம்யுக்தா அதிகம் பேசுவாள். நான் பதில் எழுதவில்லை. கடிதங்களை வேறொரு ஃபோல்டரில் போட்டு வைத்தேன்.

செப்டம்பரில் காலாண்டு அறிக்கை போயிற்று. மாநில வரைபடத்தில் இளம்பெண்களின் மரண விகிதம் எல்லா மாவட்டத்துக்கும் வெளிர் மஞ்சளில் இருந்தது. ஒன்று மட்டும் கருஞ்சிவப்பு. அந்த மாவட்டத்தில் அந்த வயதில் இருக்கும் பெண்கள் மொத்தம் முப்பத்தொரு பேர். இருபது ஆண்டுகளாக ஒருவரும் சாகவில்லை. இப்போது ஒருத்தி. லட்சத்துக்கு மூவாயிரத்து இருநூற்று இருபத்தாறு.

மாநிலத்துக்காரர்கள் மாலை ஆறு மணிக்குத்தான் பேசுவார்கள். அவர்களுக்கு அப்போது காலை ஒன்பது. அவர்கள் தலைவி கேரல் என்ற அம்மாள் திரையில் தோன்றி இதைப் ‘போக்கு’ என்றார். ஏற்கெனவே இதயப் பரிசோதனை பஸ் ஒன்றை அனுப்பிவிட்டார்களாம். மீதி முப்பது பெண்களையும் சோதித்தார்களாம்.

“எல்லோரும் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறார்கள்,” என்றார். “அதுதான் எங்களுக்கு இன்னும் கவலையாக இருக்கிறது.”

சேதுமாதவன் கவலையோடு தலையாட்டினார். அழைப்பு முடிந்ததும் அந்தப் பதிவைத் திறந்து பார்த்தார். பிறந்த ஊர் என்ற இடத்தில் திருச்சிராப்பள்ளி என்று இருந்தது. என்னையும் அஸ்கரையும் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார்.

“ஏங்கண்ணு ஸ்ரீகாந்த்து,” என்றார். கோயமுத்தூர்க்காரர். கோபம் வந்தால் குரல் இன்னும் இதமாகிவிடும். “என்னைய நாலு தடவ நாய வுட்டுக் கடிக்க வெச்சீங்க. ஏதாச்சும் சொன்னனா? சொல்லல. அந்த 999-னு ஒண்ணு எதுக்கு வெச்சிருக்குது?”

“தெரியும் சார்.”

“ஒரு பஸ்ஸு போயிருக்குது கண்ணு! டாக்டரு, நர்சு, மெசினு, அத்தனையும். ஒரு ஊரே நெஞ்சைப் புடிச்சிட்டு உக்காந்திருக்குது.”

“சார், அவன்கிட்ட இப்போ...” என்றான் அஸ்கர்.

“நீ சும்மாயிருப்பா. ஒட்டகம் கடிச்சுச் செத்தான்னு எழுதுன ஆளு நீயி.” கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். “இன்னைக்குள்ள இதை எடுத்துப்போடு. அவிங்க கண்டுபுடிச்சா ஒப்பந்தம் கலாஸ். நாப்பத்திரண்டு விசா. என்ரதையும் சேர்த்து.”

பதிவை நீக்கும் படிவம் திறந்திருந்தது. ‘நீக்கக் காரணம்’ என்ற இடத்தில் இரண்டே தேர்வுகள்.

1. ஒரே மரணம் இருமுறை பதிவாகியுள்ளது.
2. நபர் உயிருடன் கண்டறியப்பட்டார்.

“ரெண்டு தடவை பதியல,” என்றேன்.

“அப்ப ரெண்டாவதைப் போடு.”

கீழே பட்டறையில் ஒரு காரைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

“காக்கா,” என்றான் அஸ்கர் சேதுமாதவனைப் பார்த்து. அவன் ஊரில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்; அலுவலகத்தில் அவரை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. “அவன் பொஞ்சாதி உயிரோட இருக்கான்னு அவனையே எழுதச் சொல்லுதியளா?”

“எழுதவா சொல்றேன்? ஒரு டிக்கு. ஒரே ஒரு டிக்கு.” அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். “ஏழு மணிக்கு வர்றேன்.”

என் இடத்தில் வந்து உட்கார்ந்தேன். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். உடனே படிவம் நீண்டது. உயிருடன் இருப்பவரின் தற்போதைய முகவரி: கட்டாயம். ரோலா, கட்டடத்தின் பெயர், ஃப்ளாட் எண் முன்னூற்று நான்கு என்று போட்டேன். உயிருடன் இருப்பதை உறுதி செய்பவர்: கணவன். கடைசியாக எப்போது பார்த்தீர்கள்: கட்டாயம்.

அங்கே நின்றுவிட்டேன். 

“நா போடட்டா?” என்றான் அஸ்கர். “நீ வெளில போயி ஒரு கட்டஞ்சாயா குடிச்சிட்டு வா. நா எவ்வளவு பொய் எழுதியிருக்கேன்.”

“வேண்டாம்.”

வெண்டலின் கடிதத்தின் அடியில் டயர் கடை எண் இருந்தது. அழைத்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார். பின்னால் கம்ப்ரஸர் ஓடும் சத்தம்.

நான் யார் என்று சொன்னேன். அவர் உற்சாகமாகிவிட்டார். “ஒரு தகவல் கிடைத்திருக்கிறது. அவருக்கு ஒரு நீல கார் இருந்ததாக...”

“அவர் உங்கள் ஊர் இல்லை,” என்றேன். “அமெரிக்காவுக்கே வந்ததில்லை. அவள் என் மனைவி. இங்கே ஷார்ஜாவில் இறந்தாள். நான்தான் உங்கள் மாவட்டத்தில் போட்டேன்.”

கம்ப்ரஸர் நின்றது. அவர்தான் நிறுத்தியிருக்க வேண்டும்.

“ஏன் போட்டீர்கள்?”

“இங்கே கேட்பதற்கு யாரும் இல்லை.”

திட்டுவார் என்று நினைத்தேன். “சரி,” என்றார். “என்ன நடந்தது?”

“இதயம் நின்றது.”

“அதை நான் மூன்று மாதமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். என்ன நடந்தது?”

சொன்னேன். ஒரு வாரமாக அசதி என்றாள். படியேறினால் மூச்சு வாங்குகிறது என்றாள். ஏசி காற்று, பனடால் போட்டுக்கொள் என்றேன். புதன்கிழமை டாக்டரிடம் போகலாமா என்று கேட்டாள். மாதக் கடைசி, வேலை இருக்கிறது, சனிக்கிழமை போகலாம் என்றேன். வெள்ளிக்கிழமை காலை தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிட்டு சோஃபாவில் வந்து உட்கார்ந்தாள். கல் காய்ந்து புகை வந்த பிறகுதான் நான் அவளைக் கூப்பிட்டேன். கீழே இருக்கும் இரண்டு வரிகளிலும் நான்தான் இருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

இதை இங்கிலீஷில் சொன்னேன். தமிழில் சொல்லியிருக்க முடியாது.

“ஒன்பது வருடமாக அந்தப் படிவத்தை நிரப்புகிறேன்,” என்றார் வெண்டல். “‘சனிக்கிழமை போகலாம் என்றார்கள்’ என்று ஒரு குறியீடு உங்கள் புத்தகத்தில் இருக்கிறதா?”

“இல்லை.”

“இருந்தால் இந்த ஊரில் பாதிப் பேருக்கு அதைத்தான் போட வேண்டும். என் அப்பாவுக்கும். அவர் விஷயத்தில் செவ்வாய்க்கிழமை.” மூக்கை உறிஞ்சினார். “அந்த வரியில் தெரியவில்லை என்றுதான் நான் எழுதுவேன். தெரியாது. கேட்டேன், தெரியாது.”

“எழுத வேண்டாம். நீக்க வேண்டும். உயிரோடு இருப்பதாக எழுதச் சொல்கிறது. என்னால் முடியவில்லை.”

“உங்களுக்கு இரண்டுதான் காட்டும். எனக்கு மூன்று. ‘எங்கள் மாவட்டம் அல்ல’.” ஒற்றை விரலால் தட்டும் சத்தம் கேட்டது. மிகவும் மெதுவாகத் தட்டினார். “இங்கே ஆள் நிற்கிறார். கொஞ்சம் பொறுங்கள்.” யாரிடமோ சொன்னார்: “டயர் இருக்கட்டும். அந்தப் பெண்ணின் கணவர் லைனில் இருக்கிறார்.”

என் திரையில் பதிவு மறைந்தது. மாவட்டம் மஞ்சளாயிற்று. வெண்டலிடம் நன்றி என்றேன். அவர் ஃபோனை வேறு யாரிடமோ கொடுத்துவிட்டிருந்தார்.

“நான் கார்ல்,” என்றது ஒரு வயதான குரல். “டயர் மாற்ற வந்தேன். உங்கள் மனைவிக்காக வருந்துகிறேன், மகனே. நல்ல பெண் என்று எல்லோரும் சொன்னார்கள்.”

“ஆமாம்,” என்றேன்.

“சாப்பிட்டீர்களா?”

“இன்னும் இல்லை.”

“சாப்பிடுங்கள்.” ஃபோன் கை மாறியது. எதிர்க்கடையில் வேலை செய்யும் ஒரு பெண். என்ன சொல்வதென்று தெரியவில்லை என்றாள். பிறகு அழுதாள். நான் அவளுக்குச் சமாதானம் சொன்னேன். மறுபடி ஃபோன் கை மாறியது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சேதுமாதவன் வந்து நின்றார். மணி ஏழு ஆகியிருந்தது. கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். அஸ்கர் எழுந்து கட்டை விரலை உயர்த்தி, முடிந்துவிட்டது என்று சைகை செய்தான். அவர் பெருமூச்சு விட்டு வெளியே வந்து, “அப்புறம் யாருகிட்டக் கண்ணு பேசிட்டிருக்கே?” என்றார்.

நான் ரிசீவரை உள்ளங்கையால் மூடினேன்.

“துக்கம் கேட்க வந்திருக்காங்க சார்,” என்றேன். “இன்னும் மூணு பேர் நிக்கிறாங்க.”