நிழலில் வைத்த கண்

உச்சிவெயில் நேரத்தில் விவரம் தெரிந்த யாரும் ஆளைப் படம் எடுக்க மாட்டார்கள். கண்ணுக்குக் கீழே குழி விழும், மூக்கின் நிழல் உதட்டில் இறங்கும். போனிலேயே பாப்பாயி அம்மாளிடம் இதைச் சொன்னேன். வெள்ளிக்கிழமை பன்னிரண்டேகாலுக்குத்தான் நல்ல நேரம், மகன் சாயங்காலம் ரயில் ஏறுகிறான், வரன் பார்க்கிற படத்தைக் கண்ட நேரத்தில் எடுக்க முடியாது என்று அவர் ஒரே பிடியாக நின்றார். காலண்டரைப் பார்த்து கேமராவைத் தூக்க வேண்டியிருக்கிறதே என்று எரிச்சலோடுதான் நாமகிரிப்பேட்டையிலிருந்து வண்டியை எடுத்தேன். வர முடியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. மகனின் முந்தைய படத்தை எடுத்தவளும் நான்தான்.

மகன் தண்டாயுதபாணிக்கு முப்பத்தாறு வயது. ரிக் லாரியோடு வடக்கே போய் போர்வெல் போடுகிற வேலை. ஆறு வருஷத்துக்கு முன் கல் தெறித்து இடது கண் போய்விட்டது. கருவிழி முழுக்கப் பால் நிறம். போன மார்கழியில் அவரை என் ஸ்டூடியோ ஜன்னலோரம் உட்கார வைத்து, வலது பக்கம் மட்டும் வெளிச்சம் விழும்படி திருப்பி, அந்தக் கண்ணை நிழலுக்குள் தள்ளிவிட்டேன். கம்ப்யூட்டரில் எதையும் தொடவில்லை, எல்லாம் ஜன்னல் வெளிச்சம் என்று நாலு பேரிடம் பீற்றிக்கொண்டேன். அந்தப் படத்தை வைத்துத்தான் ஜாதகம் போனது.

நான் போய்ச் சேர்ந்தபோது வாசல் கொதித்துக் கிடந்தது. முன்கதவுக்கு உள்ளே, நிழல் தொடங்குகிற இடத்தில் நாற்காலி போட்டு தண்டாயுதபாணியை வாசல் பார்க்க உட்கார வைத்தேன். வெளுத்த வேட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, வெயிலில் நின்று தாழ்வாக விரித்துப் பிடிக்கச் சொல்லி அம்மாளிடம் கொடுத்தேன். வேட்டியில் பட்ட வெயில் திரும்பி வந்து மகன் முகத்தில் மெத்தென்று விழுந்தது. நடுப்பகலில் இப்படி ஒரு வெளிச்சம் கிடைத்ததில் என் எரிச்சல் பாதி இறங்கிவிட்டது.

நான் கேமராவைக் கண்ணில் வைத்ததும் பாப்பாயி அம்மாள் வேட்டியோடு மெல்ல மெல்ல மகனின் வலது பக்கமாக நகர்ந்தார். இடது பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது.

"போன தடவையாட்டம் அந்தக் கண்ணு நெழல்ல போயிட்டாப் போதுஞ் சாமி" என்றார் என்னிடம்.

தண்டாயுதபாணி தலையைத் திருப்பவில்லை. "அம்மா, நீ இந்தப் பக்கம் வந்து புடி" என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். "அந்தப் படத்தைக் குடுத்துட்டுத் தையில பொண்ணு பாக்கப் போனமுங்க அக்கா. காப்பி கொண்டாந்த புள்ள நிமுந்து என்னையப் பாத்துச்சு. டம்ளரை என் கையில குடுக்கறதுக்குப் பயந்துட்டு கீழ வெச்சுட்டு உள்ள போயிருச்சு. அதுகிட்ட யாருமே சொல்லலீங்க. இன்னொரு புள்ளைய அப்படிப் பயமுறுத்த என்னால முடியாதுங்க."

எனக்கு அவமானமாக இருந்தது. அந்தப் பெண்ணிடம் சொல்லாமல் விட்டவர்களில் நான்தான் முதல் ஆள். என் கெட்டிக்காரத்தனத்தால் அவள் பயந்திருக்கிறாள், இவர் தலைகுனிந்து திரும்பியிருக்கிறார். சரி என்று தலையாட்டினேன்.

பாப்பாயி அம்மாள் நகரவில்லை. இனி ஒருத்தரும் பெண் தர மாட்டார்கள் என்று முணுமுணுத்தார். கடைசியில் வேட்டியைத் தூக்கிக்கொண்டு இடது பக்கம் வந்தார். இருண்டு கிடந்த பக்கத்திலும் வெளிச்சம் பரவியது. நேராக என்னைப் பார்க்கச் சொன்னேன், பார்த்தார். நாலு படம் எடுத்தேன். ஒன்றில் லேசாகச் சிரித்திருந்தார்.

அதை கேமராவிலேயே பெரிதாக்கி அம்மாள் கையில் கொடுத்தேன். திட்டு விழும் என்று தயாராகத்தான் இருந்தேன். அவர் வேட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் அதையே பார்த்தார்.

"ஆறு வருசமா இவன் மூஞ்சிய நிமுந்து பாக்காமயே சோறு போட்டுட்டு இருந்திருக்கறனே கண்ணு" என்றார் என்னிடம்.

கேமராவை என் கையில் கொடுத்துவிட்டு, மகனிடம் போய் அவர் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, நேராகப் பார்த்தார்.