மேட்டில் மாறாத கியர்

அறுபத்தொன்றாம் வருஷத்துத் திருச்சியில் டாக்டர் அல்போன்சாவின் பாசிப்பச்சைக் காரைத் தெரியாதவர்கள் குறைவு. பெரிய அமெரிக்க வண்டி. தெருமுனையில் திரும்பினால் பாதித் தெருவை அடைத்துக்கொள்ளும். மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்த வெள்ளைக்கார டாக்டர் ஊர் திரும்பும்போது அவளுக்கு விட்டுப்போனது. அதில் கிளச் கிடையாது. வேகத்துக்குத் தக்கபடி கியர் தானாகவே மாறிக்கொள்ளும். அதற்காகத்தான் அல்போன்சா அதை ஆசையாக வாங்கிக்கொண்டாள்.

சின்ன வயதில் வந்த இளம்பிள்ளைவாதம் அவளுடைய இடது காலைச் சூம்ப வைத்திருந்தது. இரும்புப் பட்டையும் கைத்தடியும் இல்லாமல் நடக்க முடியாது. டாக்டருக்குப் படித்த காலமெல்லாம் குதிரை வண்டியில் ஏற யாராவது இடுப்பைப் பிடித்துத் தூக்கிவிட வேண்டும். கார் வந்த பிறகு வலது கால் ஒன்றே போதுமென்று ஆயிற்று. மேலப்புதூர் வீட்டிலிருந்து கிளம்பி, காவிரிப் பாலம் தாண்டி, ஸ்ரீரங்கத்தில் அவள் நடத்திவந்த பிரசவ கிளினிக்குக்குத் தனியாகவே போய்வந்தாள். வழியில் யாரிடமும் கை நீட்ட வேண்டியதில்லை.

அந்த வண்டிதான் இப்போது முரண்டு பிடித்தது. கிளம்பும்போது இருந்த கீழ் கியரிலேயே நின்றுவிடும். எஞ்சின் அலறும், வேகம் வராது. பிறகு நினைத்துக்கொண்டாற்போல ஒரு குலுக்குக் குலுக்கி மேல் கியருக்குத் தாவும். ஒரு முறை பாலத்தின் நடுவில் அப்படிக் குலுக்கியதில் பின்னால் வந்த பஸ் உரசாமல் போனது பெரும் பாக்கியம். அதிலிருந்து கார் வீட்டு வாசலில் நின்றது. ஸ்ரீரங்கத்துக்கு அவள் போகவே இல்லை.

அண்ணன் பிலோமின்ராஜ் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் லேத் பிரிவு ஃபோர்மன். மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டு அங்கே ஒரு ஒர்க்‌ஷாப்பில் கேட்டார். பார்க்காமலேயே பதில் சொல்லிவிட்டார்கள்: கியர் பாக்ஸ் முடிந்தது, கழற்றிவிட்டுச் சாதாரண கியர் பாக்ஸ் போடுங்கள்.

"சாதாரண பாக்ஸ்னா கிளச் வருமேண்ணே" என்றாள் அல்போன்சா.

"வரும். அதான் மன்னார்புரத்துல அழகிரின்னு ஒரு டிரைவரைப் பேசி வச்சிருக்கேன். நல்ல மனுஷன். நீ பின்னால உக்காந்து ஜம்முனு போயிட்டு வா."

அண்ணன் அன்போடுதான் சொன்னார் என்பது தெரியும். அதனால்தான் இன்னும் வலித்தது. மறுபடியும் ஒருவர் வந்து கதவைத் திறந்துவிட்டால்தான் வெளியே போக முடியும் என்ற நிலைமை. மறுநாள் காலை கியர் பாக்ஸைக் கழற்றுவதாக ஏற்பாடு. விடிந்ததும் அவளே, அதைக் கழற்ற வேண்டியவரான பாலக்கரைப் பட்டறை மெக்கானிக் பரக்கத் அலிக்கு ஆள் அனுப்பினாள்.

"பாய், பிரிக்கறதுக்கு முன்னால எனக்கு ஒண்ணு தெரியணும். அதுக்கு என்ன வியாதின்னு நாம இன்னும் கண்டுபிடிக்கவே இல்லையே. வயித்து வலின்னு வந்தவங்களை எடுத்த எடுப்புல மேஜை மேல போட்டு அறுக்க முடியுமா?"

பரக்கத் அலி சிரித்தார். "நியாயந்தாங்க டாக்டரம்மா. ஆனா இந்த மாதிரி பாக்ஸை நான் ஒருதடவைகூடப் பிரிச்சுப் பார்த்ததில்லைங்க. அதையும் சொல்லிடறேன்."

"பிரிக்க வேண்டாம். சோதிக்கலாம்."

அவர் எஞ்சினை ஓடவிட்டு, ஆயில் பார்க்கும் கம்பியை உருவி, வெள்ளைத் துணியில் துடைத்தார். சிவப்பாக, கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது ஆயில். மூக்கருகே கொண்டுபோனார். "உள்ளே தேய்ஞ்சிருந்தா கருகல் வாடை அடிக்கணுங்க. ஒண்ணுமே இல்லை. அளவும் சரியா இருக்கு."

முதல் சந்தேகம் அங்கேதான் விழுந்தது. செத்துப்போன பாக்ஸின் ரத்தம் இப்படியா இருக்கும்?

இரண்டு பேரும் வண்டியில் ஏறினார்கள். அல்போன்சா ஓட்ட, பரக்கத் அலி பக்கத்தில். ஜங்ஷன் அருகே ரயில்வே மேம்பாலத்தின் ஏற்றத்தில் வண்டி வழக்கம்போல் அலறியது. உச்சியைத் தொட்டதும், எதிரே மாட்டு வண்டிகள் வரிசையாக வந்ததால் அவள் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை முழுக்க எடுத்தாள். 'டுக்' என்று மெல்லிய சத்தம். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி மேல் கியர் விழுந்தது.

"கவனிச்சீங்களா?"

"கவனிச்சேங்க. குலுக்கலே இல்லையே!"

சமதரைக்கு வந்ததும் மறுபடி பார்த்தாள். காலை லேசாக வைத்தால் கீழ் கியருக்கு இறங்கியது. எடுத்தால் மாறியது. வைத்தால் இறங்கியது. சாலையோரப் புளிய மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டுச் சத்தமாக யோசித்தாள்.

"பாக்ஸால மாத்த முடியுது பாய். கால் இல்லாதப்ப அழகா மாத்துது. அப்ப நோய் அதுகிட்ட இல்லை. நான் எவ்வளவு அழுத்தறேன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"கார்புரேட்டர்லேருந்து ஒரு கம்பி போகுதுங்க. நீங்க ஆழமா மிதிச்சா அந்தக் கம்பி இழுபடும். மேடு ஏறுறீங்க, இல்லே ஒருத்தரை முந்துறீங்கன்னு பாக்ஸ் எடுத்துக்கிட்டு, கியரை மாத்தாம பிடிச்சு வச்சுக்கும்."

"நான் லேசா மிதிக்கிறேன். அதுக்கு ஆழமா மிதிக்கிறதா சேதி போகுது!"

பரக்கத் அலி தொடையில் தட்டிக்கொண்டார். "யா அல்லா! அவ்வளவுதாங்க!" கீழே குதித்து பானெட்டைத் தூக்கினார்.

அல்போன்சா தடியை ஊன்றி அவர் பக்கத்தில் வந்து நின்றாள். தன் நோயாளிகளிடம் முதலில் கேட்கும் கேள்வியை அப்போதுதான் தன்னிடமே கேட்டுக்கொண்டாள்: எப்போது ஆரம்பித்தது? பட்டென்று பதில் வந்தது. கோடையில் மெட்ராஸுக்குப் போயிருந்தபோது பெட்ரோல் ஒழுகுகிறதென்று கார்புரேட்டரை மாற்றினார்கள். வேறு வண்டியிலிருந்து எடுத்துப் போட்டது. ஊர் திரும்பிய பிறகுதான் இந்தக் கூத்தெல்லாம்.

"இங்க பாருங்க டாக்டரம்மா!" பரக்கத் அலியின் விரல், கார்புரேட்டரின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்த ஓர் இரும்புக் கையைத் தொட்டது. அதன் நுனியில்தான் கம்பி மாட்டியிருந்தது. "கை நீளங்க. நீங்க ஒரு இஞ்சு மிதிச்சா இது கம்பியை மூணு இஞ்சு இழுக்குது."

பொன்மலையில் வேலை முடியும் சங்கு ஊதி, பிலோமின்ராஜ் சைக்கிளில் வீட்டுக்கு வந்தபோது, கியர் பாக்ஸ் கழற்றப்படவில்லை என்பதைப் பார்த்து முகம் சிவந்தார். தங்கை, கழற்றி வைத்திருந்த அந்த இரும்புக் கையை அவர் உள்ளங்கையில் வைத்தாள். பிறகு நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். இரும்போடு பழகிய மனிதர். கேட்கக் கேட்க அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபம் போன இடம் தெரியவில்லை.

"இதுக்கா பாக்ஸைத் தூக்கிப் போடச் சொன்னான் அந்த ஆளு?" என்றார். "நானும் அதை நம்பி டிரைவர் தேடிட்டு அலைஞ்சேன் பாரு."

மறுநாள் லீவு போட்டுவிட்டு, பரக்கத் அலியின் பட்டறையில் இருந்த சின்ன லேத்தில், பிலோமின்ராஜே சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுக் கை ஒன்றைக் கடைந்தார். முதலில் செய்தது குட்டையாகிவிட்டது. வண்டி அவசரப்பட்டு மேல் கியருக்குப் போய், மூச்சு வாங்கித் திணறியது. பரக்கத் அலியின் முகம் தொங்கிப்போயிற்று. "தப்பான பக்கம் வந்தோம், ஆனா தெரு சரியான தெரு பாய்" என்றாள் அல்போன்சா. அடுத்ததில் பிலோமின்ராஜ் திருகு மரை வெட்டி, கம்பியை நீட்டவும் குறுக்கவும் வசதி செய்தார். பரக்கத் அலி கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினார். அல்போன்சா தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "இன்னும் துளி" என்றாள். இன்னொரு சுற்று. "பின்னால வாங்க, ஒரு நூல் அளவு." அடுத்த சுற்றில் வண்டியை நிறுத்தி ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். தலையைத் தூக்கியபோது முகமெல்லாம் சிரிப்பு.

அது வெள்ளிக்கிழமை, கிளினிக் நாள். நர்ஸ் சகுந்தலா, டாக்டரம்மா இந்த வாரமும் வரமாட்டார் என்று பெண்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருப்பாள்.

"ஏறுங்கண்ணே, பாய் நீங்களும்."

மேம்பாலத்தில் வண்டி முனகாமல் ஏறியது. காவிரிப் பாலத்தில் பஸ் ஒன்றை முந்த அவள் ஆழமாக மிதித்தாள்; கியர் சொன்னபடி கேட்டு இறங்கி, முந்தி முடித்ததும் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டது. "மாஷா அல்லாஹ்" என்றார் பின்சீட்டில் பரக்கத் அலி. பிலோமின்ராஜ் காது கொடுத்துக் கேட்டபடி, ஒவ்வொரு முறை கியர் மாறும்போதும் தலையை ஆட்டினார், கச்சேரியில் உட்கார்ந்திருப்பவர் போல.

கிளினிக் வாசலில் ஹாரன் சத்தம் கேட்டதும், கலைந்துபோக இருந்த பெண்கள் திரும்பினார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மயிலம்மாள் என்ற நிறைமாதக்காரி, "டாக்டரம்மா கார்தான்! அவங்களே ஓட்டிட்டு வராங்க!" என்று கூவினாள். சகுந்தலா வாசலுக்கு ஓடிவந்தாள்.

அல்போன்சா கதவைத் திறந்து, தடியை ஊன்றி, யார் கையும் படாமல் இறங்கினாள்.

எல்லாரையும் பார்த்து முடித்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. வாசலில் அண்ணனும் பரக்கத் அலியும் காத்திருந்தார்கள்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. ரெண்டு பேரும் பஸ்ல வாங்க. நான் தனியா ஓட்டிட்டுப் போகணும்."

பிலோமின்ராஜ் ஒரு கணம் திகைத்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்து, பரக்கத் அலியின் தோளில் கைபோட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தார்.

பாலம் ஏறக்குறைய காலியாக இருந்தது. கண்ணாடியை இறக்கிவிட்டாள். காவிரிக் காற்று உள்ளே பாய்ந்தது. வலது காலை அழுத்தினாள். இரண்டு, மூன்று என்று கியர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழ, அல்போன்சா தன்னந்தனியாக வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு திருச்சிக்கு ஓட்டிப் போனாள்.