மூன்றாவது புள்ளி

நாற்சந்தியின் வரைபடம் நெடுஞ்சாலைத் துறை அலுவலக மேசை முழுவதும் விரிந்து கிடந்தது. அது சுருண்டுகொள்ளாமலிருக்க மூலைக்கொன்றாக டேப்பையும் கோந்து பாட்டிலையும் இரண்டு டீ டம்ளர்களையும் வைத்திருந்தார் வரைவாளர். நடுவில் இரண்டு சிவப்புப் புள்ளிகள். ஒரு புள்ளிக்கு ஓர் உயிர்.

"ரெண்டுதானா?" என்றார் பொறியாளர். "மூணு வருஷத்துல மூணு சாவு இருந்தாத்தான் சிக்னலுக்கு எழுத முடியும். ரெண்டுக்கு வேகத்தடையோட சரி."

"வேகத்தடைய யாரு சார் மதிக்கிறா?"

"நீங்களே மதிக்கல. போன மாசம் அதுலதானே உங்க டிபன் பாக்ஸ் பறந்துச்சு." பொறியாளர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

மூன்றாவது புள்ளி எங்கே வரவேண்டும் என்று வரைவாளருக்குத் தெரியும். மருந்துக்கடை மூலையில். இரண்டு வருடங்களுக்கு முன்னால் அத்தான் அங்கேதான் விழுந்தார். இடித்த வண்டி நிற்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா இவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "அவர அறுக்க விட்டுடாதடா." வீட்டு மாடிப்படியில் வழுக்கி விழுந்ததாக எழுதிக் கொடுத்தால் போஸ்ட்மார்ட்டம் இல்லாமல் உடலை அப்படியே தந்துவிடுவார்கள் என்று யாரோ காதோரம் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தார். அளவு பிசகாமல் வரைந்து பழகிய கை. அக்கா வீட்டில் மாடிப்படியே கிடையாது. யாரும் வந்து பார்க்கவில்லை.

மாலையில் போனபோது அக்கா ஜன்னலோரம் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"சிக்னல் வருதாடா?"

"ஒண்ணு கொறையுதாம்க்கா."

"என்ன ஒண்ணு?"

அக்கா மடித்த பாவாடையை உதறி மறுபடி மடித்தாள்.

"அவரு கணக்குல இல்லையா?"

"படியில விழுந்தாருன்னுதானே எழுதியிருக்கு."

"மாத்தி எழுதேன்."

"எழுதலாம். பொய் எழுதினது நான்னு வரும். வேலை போயிடும், கேஸும் வரும்."

அக்கா அடுத்த துணியை எடுத்தாள். "அப்ப வேணாம்," என்றாள். பிறகு, துணியிடம் சொல்வதுபோல, "நான்தானே கேட்டேன்."

ஜன்னலுக்கு வெளியே, மருந்துக்கடை மூலையில், பள்ளிப் பையோடு அக்கா மகள் நின்றிருந்தாள். இரண்டு பேரும் பார்த்தார்கள். அவள் ஒரு காலைச் சாலையில் இறக்கினாள். லாரி ஒன்று ஹாரன் அடித்தது. காலை எடுத்துக்கொண்டாள். வரைவாளரின் கை சட்டைப்பையிலிருந்த சிவப்புப் பேனாவைத் தொட்டுக்கொண்டு அப்படியே இருந்தது.

அவள் மறுபடியும் காலை இறக்கினாள்.