எல்லாரும் வரவில்லை

போட்டித் தேர்வுக்கு வரும் தர்க்கக் கேள்விகளைச் சரிபார்ப்பது என் வேலை. ஒரு கூற்றைக் கொடுத்து, இதிலிருந்து எந்த முடிவு கிடைக்கும் என்று கேட்பார்களே, அந்தக் கேள்விகள். பதினைந்து வருடமாக இதே பிழைப்பு. கேள்வி எழுதுகிறவர்கள் என்னிடம் படாத பாடு படுவார்கள். அதிலும் 'எல்லாரும் வரவில்லை' என்று ஒருவர் எழுதிவிட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருவர்கூட வரவில்லையா, சிலர் மட்டும் வரவில்லையா? நம் பேச்சில் இரண்டுக்கும் இடமுண்டு. அடித்துவிட்டு, ஓரத்தில் 'தெளிவாக எழுதவும்' என்று குறிப்பேன்.

வீட்டிலும் இந்தக் குணம் போகாது. "பசிக்குதுன்னு சொன்னா, அதை வச்சு சாப்பாடு வேணும்னு முடிவு பண்ண முடியாதுன்னு சொல்றவதானே நீ," என்று என் கணவர் வம்புக்கிழுப்பார். அவர் ஒரு குளிர்பதனக் கிடங்கில் மெக்கானிக். எங்கள் கீழ்வீட்டுப் பெண்ணின் கணவரும் அங்கேதான் பெட்டி அடுக்கிவந்தார். ஆள் நல்ல உயரம். கிடங்கில் அவருக்குப் பெயரே நெட்டைதான்.

அன்று காலை பத்தரை மணி இருக்கும். கீழ்வீட்டுப் பெண் செருப்புகூடப் போடாமல் மாடியேறி ஓடிவந்தாள்.

"அக்கா, கிடங்குல கேஸ் கசிஞ்சிருச்சாம். ஆபீஸ்ல இருந்து போன் வந்துச்சு. 'எல்லாரும் வெளிய வரல'ன்னு சொன்னாங்க, அதோட கட்டாயிருச்சு. யாருமே வரலையாக்கா? எல்லாரும் போயிட்டாங்களா?"

கணவருக்குப் போன் போட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. கதவைப் பூட்டினேனா என்றுகூட நினைவில்லை. டாக்சியில் ஏறிய பிறகுதான் அவள் என் கையைப் பிடித்திருப்பது தெரிந்தது.

"இங்க பாரும்மா," என்றேன். "எல்லாரும் வரலைன்னா யாருமே வரலைன்னு அர்த்தமில்ல. பாதிப் பேர் வந்திருந்தாலும் அப்படித்தான் சொல்வாங்க. ஒருத்தர் பாக்கின்னாலும் அப்படித்தான் சொல்வாங்க. அந்த ஒரு வார்த்தைய வச்சு உன் வீட்டுக்காரரப் பத்தி ஒண்ணும் சொல்ல முடியாது."

அவள் அழுகையை நிறுத்தினாள். "அப்ப அவரு வந்திருக்கலாமாக்கா?"

"வந்திருக்கலாம்."

"வந்திருப்பாரு," என்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க படிச்சவங்க, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

நான் கொடுத்தது 'லாம்'. அவள் எடுத்துக்கொண்டது 'ப்பார்'. யாராவது தேர்வுத்தாளில் இப்படி மாற்றிப் போட்டிருந்தால் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். அன்று அவளைத் திருத்தவில்லை. எனக்கும் அந்த 'ப்பார்' வேண்டியிருந்தது.

கிடங்கு வாசலில் மூச்சை அடைக்கும் நெடி. கையில் ஒரு தாளோடு மேற்பார்வையாளர் நின்றிருந்தார். "உள்ள இருந்தது ஒம்பது பேரு. எட்டுப் பேரு வந்துட்டாங்க. அந்த மதிலோரமா உக்கார வச்சிருக்கோம்," என்றார்.

மதிலை நோக்கி ஓடினேன். நான்காவது ஆளாக என் கணவர் இருந்தார். கண்கள் சிவந்து, சட்டை நனைந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, ஆனால் உயிரோடு. அவர் தலையைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதேன். கீழ்வீட்டுப் பெண்ணின் கையை எங்கே விட்டேன் என்று தெரியாது. அவளைப் பற்றிய நினைப்பே வரவில்லை. அதை மறைக்க விரும்பவில்லை.

பிறகுதான் மற்ற ஏழு முகங்களையும் பார்த்தேன்.

என் கணவர் என் காதருகே பேசினார். "வால்வை மூட நானும் நெட்டையும் போனோம். அவன் முதல்ல விழுந்துட்டான். இழுத்துப் பார்த்தேன், முடியல. நாடியும் பார்த்தேன். இல்ல. அப்புறம்தான் கையை விட்டேன்." "அவகிட்ட நான் எப்படிச் சொல்வேன்?"

அவள் வரிசையின் கடைசிவரை போய்விட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு முகத்தையும் இரண்டு முறை பார்த்திருந்தாள். என்னிடம் வந்து நின்றபோது அவள் முகத்தில் அழுகை இல்லை.

"முகமூடி போட்டவங்க ரெண்டு பேர் உள்ள போயிருக்காங்கக்கா. கூட்டிட்டு வந்திருவாங்க. வந்திருவாரு, இல்ல?"

'வரலாம்' என்று சொல்லியிருக்கலாம். இன்னும் பத்து நிமிடம் அவள் அதைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாள். ஆனால் இனி அது பொய்.

"வர மாட்டாரும்மா," என்றேன். "இவர் பக்கத்துலதான் விழுந்திருக்காரு. இவர் நாடி பிடிச்சுப் பார்த்துட்டுத்தான் வந்திருக்காரு. உயிர் இல்லம்மா."

அவள் என் கணவரைப் பார்த்தாள். அவர் தலை நிமிரவில்லை. அவர் தோளில் இருந்த என் கையைப் பார்த்தாள். பிறகு என் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள்.

யாரோ அவளைத் தடுக்க வந்தார்கள். வேண்டாம் என்று கைகாட்டினேன். என்னவர் பிழைத்துவிட்டார் என்ற சந்தோஷம் அந்த நேரத்திலும் என் நெஞ்சு நிறைய இருந்தது. அதற்கு விழுந்த அடி என்றே அதை வாங்கிக்கொண்டேன்.