ஆதப்பன் வீட்டு மீனுக்குத் தீட்டு

1.

இந்தக் கதை எனக்கு எதிர்வீட்டு வாசல் வழியாகக் கிடைத்தது. அதாவது, எட்டிப் பார்த்தேன். கற்பனை என்று எழுதிக்கொள்ளலாம்தான். எங்கள் தெருவில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘நயா பைசா வந்த வருஷம், திருமயம் பக்கத்து ஊர் ஒன்றில், பாசி என்னும் பச்சைத் துயரம்...’

வேண்டாம். தண்ணீர் பச்சையானதற்குத் துயரமாம்!

2.

ஆதப்பன் பினாங்கிலிருந்து கண்ணாடி மீன்தொட்டி கொண்டுவந்தார். வருகிறவர் எல்லாரும் பார்க்க வேண்டுமே. வளவின் நடுவே, திறந்த முற்றத்தில், உச்சி வெயிலில் வைத்தார். அவர் மனைவி தெய்வானை, மணல் பரப்பி நீர்ச்செடி நட்டாள். மீன்களோ குட்டி விசிறி வால்காரர்கள். முட்டையிடாமல் குஞ்சே போடும் சாதி.

ஊரார் வந்தார்கள். கோயில் குளத்து மீனுக்குப் பொரி போட்டால் புண்ணியம் என்றால், இந்த மீன் மட்டும் என்ன பாவம் செய்தது? ஆளுக்கொரு பிடி போட்டார்கள். (ஒருத்தர் மரு உதிர வெல்லம் கரைத்தார். பெயர் சொல்லமாட்டேன். மரு இன்னும் மூக்கில்தான் இருக்கிறது.)

வெயிலும் பொரியும் சேர்ந்து, தண்ணீர் அரைத்த கீரையாயிற்று.

“வெள்ளிக்கெழமை பினாங்குக் கூட்டாளி வாராரு. அதுக்குள்ள தெளியலைன்னா மீனை ஊருணியில விட்டுட்டு இதுல நெல்லக் கொட்டிருவேன்” என்றார் ஆதப்பன்.

“கொட்டுங்க. அவரு நெல்லு நீந்துறதப் பாத்துட்டுப் போகட்டும்” என்றாள் தெய்வானை.

3.

என் முதல் பிரதியில் இந்த இடத்தில் அவளை அழவைத்திருந்தேன். நேரில் அவள் அழவில்லை. நான் எவ்வளவோ நேரம் காத்திருந்தும்...

விட்டுவிடுவோம். வெயில் படும் வளவுத் தொட்டித் தண்ணீர் பச்சையாகிறது, இருட்டறை அண்டாத் தண்ணீர் ஆவதில்லை என்று அவள் கவனித்தாள். கறுப்புக் கம்பளியால் மீன்தொட்டியை முழுக்க மூடினாள். சரி, பொரியை எப்படி நிறுத்துவது? நேர்ந்துகொண்டு வந்தவர்களைப் போடாதே என்றால் பகை அல்லவா?

கண்ணம்மை ஆச்சி, மருமகனின் வேலை மாற்றத்துக்காக, மடி நிறையப் பொரியோடு வந்தார்.

“கிட்ட வராதீங்க ஆச்சி. மீனு பிள்ள பெத்திருக்கு. தீட்டு.”

“அடி ஆத்தே! எத்தன பிள்ள?”

“கம்பளிக்குள்ள எண்ண முடியுமா?”

அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை வரை ஒரு பொரி விழவில்லை. (பொய்யா என்று கேட்கிறீர்கள். நானும் கேட்டேன். “ஒங்களுக்கு அடுப்புல வேலை இல்லையா?” என்றாள்.)

4.

வெள்ளியன்று கம்பளியை எடுத்தாள். அடியில் கிடந்த மணல் ஒவ்வொரு துகளாகத் தெரிந்தது. செடிகள் நிமிர்ந்து நின்றன. கூட்டாளி கைதட்டினார். ஆதப்பன், எல்லாம் தன் யோசனைதான் என்பதுபோல் மீசையைத் தடவினார்.

இங்கேயே முடித்திருப்பேன். அதற்குள் கண்ணம்மை ஆச்சி, பிறந்த பிள்ளைக்குப் போடும் வசம்பு வளையலும் பாதித் தெருவுமாக வந்து நின்றார்.

“பிள்ளைகளக் காட்டு தெய்வானை.”

முடிவு ஒன்று: தெய்வானை உண்மையைச் சொல்லி... சொல்வாளா அவள்!

முடிவு இரண்டு: நான் ஒரு வரி எழுதினால் பத்துக் குஞ்சு பிறந்துவிடும். ஆனால் தெருவே சாட்சியாக நிற்கிறது.

“செடிக்குப் பின்னாடி இருக்கும். நல்லாப் பாருங்க” என்றாள் தெய்வானை, முகம் மாறாமல்.

எல்லாரும் இரண்டு கையையும் கண்ணாடியில் ஊன்றி, மூக்கை ஒட்டிக்கொண்டு தேடுகிறார்கள். பொரி போட ஒரு கையும் மிச்சமில்லை. “அந்தா!” என்கிறார் ஒருவர். “அது ஒங்க மூக்குத்தி” என்கிறார் இன்னொருவர்.

குஞ்சு உண்டா இல்லையா? எனக்கு முன்னால் ஆறு தலை மறைக்கிறது. அங்கிட்டு ஓரமாகக் கொஞ்சம் இடம் இருக்கிறது. நீங்கள் குனிந்து பார்த்துச் சொல்லுங்கள்.