குளவிக்காரி

"உள்ள வராத."

கஞ்சிப் பாத்திரத்தோடு வாசலில் நின்ற பிரியந்தியை, காளியாயி கதவுக்குக் குறுக்கே கையை நீட்டி மறித்தாள். ஒரே லயத்து வரிசையில் அடுத்தடுத்த காம்பரா வீடுகள், நடுவில் ஒரே சுவர். பதினோரு வருடத்தில் பிரியந்தி ஒருநாளும் இந்தக் கதவைத் தட்டி, அனுமதி கேட்டு நின்றதில்லை; நேரே உள்ளே போய்விடுவாள்.

"ஜீவராணிக்கு நொய்க்கஞ்சி பெரியம்மா. வாய் வீங்கிக் கெடக்கே, வேற எதும் முழுங்க முடியாதேன்னுதான்..."

"மருமகளுக்குக் கஞ்சி வச்சிக் குடுக்க எனக்குத் தெரியும். நீ பாத்தது போதும். உன் கூட நெர புடிச்சவ ஒருத்தி போய்ச் சேந்துட்டா. இவளையும் அனுப்பிட்டுத்தான் விடுவியா?"

உள்ளே கட்டிலில் ஜீவராணி கிடந்தாள். முகமெல்லாம் வீங்கி, ஒரு கண் மூடியே போயிருந்தது. திறந்திருந்த மற்றக் கண்ணால் அவள் பிரியந்தியைப் பார்த்தாள். பிறகு சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வலி தாங்காமல் புரண்டு படுக்கிறாள் என்றுதான் பிரியந்தி நினைத்தாள். கஞ்சியை வாசலிலேயே வைத்துவிட்டு வந்தாள். மாலையில் பார்த்தபோது பாத்திரம் வைத்த இடத்திலேயே இருந்தது. கஞ்சியின் மேல் ஏடு படிந்திருந்தது.

ஐந்து நாளைக்கு முன்புதான் ஏழாம் நம்பர் மலையில் குளவி கலைந்தது. காலைக் கொழுந்தை எடை போட்டு முடித்து, இரண்டாம் முறை தேயிலை நிரையில் இறங்கிய நேரம். சவுக்கு மரத்திலிருந்த கூடு காற்றில் ஒடிந்து விழுந்ததுதான் தெரியும்; மலை முழுக்க ஒரே இரைச்சல். பெண்கள் கூடைகளை எறிந்துவிட்டு ஓடினார்கள். ஓடினால் குளவி துரத்தும். பிரியந்தி அதை முன்பே இரண்டு தடவை கண்ணால் கண்டவள். செடிக்கு நடுவே குப்புற விழுந்து, இடுப்பில் கட்டியிருந்த முரட்டுப் படங்குத் துணியை அவிழ்த்துத் தலையோடு போர்த்திக்கொண்டாள். அசையாமல் கிடந்தால் தப்பிக்கலாம். அப்படியே கிடந்திருக்கலாம். பக்கத்து நிரையில் ஜீவராணியின் அலறல் கேட்டது.

பிரியந்தி எழுந்து போனாள். படங்கை ஜீவராணியின் மேல் போட்டு மூடி, அதன்மேல் தானும் விழுந்து படுத்துக்கொண்டாள். இரைச்சல் அடங்கிய பிறகு அவளை முதுகில் சுமந்துகொண்டு றோட்டு வரைக்கும் இறங்கினாள். மறு நிரையில் விழுந்து கிடந்த மீனம்மாவைத் தூக்க ஆள் வந்து சேர்ந்தபோது நேரம் கடந்துவிட்டது. கொழுந்து லொறியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். வழியிலேயே அவள் உயிர் போய்விட்டது.

இழவு வீட்டிலேயே பேச்சு தொடங்கியது. எட்டு வருடத்துக்கு முன் பதினொன்றாம் நம்பரில் குளவி கொட்டியபோது அங்கே பிரியந்தி இருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன் ஆற்றோர மலையில் கொட்டியபோதும் இருந்தாள். மூன்றாவது இது. மூன்று தடவையும் உயிரோடு எழுந்து வந்தவள் அவள்தான். இந்த முறை அவளுடைய முதுகில் ஏழு இடத்தில் கொட்டியிருந்ததை யாரும் பேச்சில் சேர்க்கவில்லை. மூன்றாம் நாள் தண்ணீர் பிடிக்கக் குடத்தோடு பீலியடிக்குப் போனபோது, ஒரு சின்னப் பெண் தன் தாயிடம், "அம்மா, குளவிக்காரி வருது" என்றது. தாய் பிள்ளையின் வாயைப் பொத்தினாள். பொத்திய விதத்திலேயே அந்தப் பெயர் யார் வாயிலிருந்து பிள்ளைக்கு வந்தது என்று பிரியந்திக்குத் தெரிந்துவிட்டது.

கொழும்பில் கடையில் வேலை செய்யும் அவள் கணவன் கணேசமூர்த்தியிடம் போனில் சொன்னாள். அவன், கோயிலில் ஒரு பரிகாரம் செய்துவிடலாமே, ஊர் வாயை மூட அதுதான் வழி என்றான். செய்யாத குற்றத்துக்கு எதற்குப் பரிகாரம் என்று அவள் கேட்டாள். கடையில் ஆள் வந்திருக்கிறது, பிறகு எடுக்கிறேன் என்று வைத்தான்.

உண்மையில் அவளிடம் வேறொரு விஷயம் இருந்தது. குளவி கலைவதற்குப் பத்து நாள் முன்பே அந்தக் கூட்டை அவள் பார்த்திருந்தாள். அன்றைக்கே கண்டாக்கு விஜிதரனிடம் சொன்னாள். அவன் மலை வேலைகளைக் கண்காணிப்பவன். இளைஞன், படித்தவன், இதே தோட்டத்து லயத்தில் பிறந்தவன். மரத்தை அண்ணாந்துகூடப் பார்க்காமல், "கொழுந்தப் பாருங்க, மரத்தப் பாக்க வேற ஆள் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான். அப்போது பிரியந்தியின் பக்கத்தில் நின்றது ஒரே ஒருத்திதான்: ஜீவராணி.

மீனம்மாவின் பிள்ளைகள் இரண்டும் சின்னஞ்சிறுசுகள். கூடு இருப்பதை முன்கூட்டியே தெரியப்படுத்தியும் தோட்டம் ஒன்றும் செய்யவில்லை என்றால் அது நிர்வாகத்தின் குற்றம். பிள்ளைகளுக்கு நட்டஈடு கொடுத்தே ஆகவேண்டும். யாரும் சொல்லவில்லை என்றால் அது விதி. எது என்று முடிவு செய்ய ஆபிசில் விசாரணை வைத்தார்கள்.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்பு, மாமியார் இல்லாத பகல் நேரமாகப் பார்த்து ஜீவராணி பீலியடிக்கு வந்தாள். வீக்கம் வடிந்திருந்தது. பிரியந்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்த பேசுனத மனசுல வச்சுக்காதீங்கக்கா. கண்டாக்குகிட்ட நீங்க சொன்னதக் கேட்டவ நா ஒருத்திதான். எம்புள்ள மேல சத்தியமா அத அங்க வந்து சொல்லுவேன்."

பிரியந்தி அழுதாள். குளவி கலைந்ததிலிருந்து அவள் அழுதது அன்றைக்குத்தான்.

பத்து மணிக்கு என்று சொன்ன விசாரணை பத்து நாற்பத்திரண்டுக்குத்தான் தொடங்கியது. அதற்கு முந்திய நேரம் ராகு என்று, தோட்டத்தின் உதவி நிர்வாகியான சின்னத்துரை நெகத் எனும் சுபநேரம் பார்த்து வைத்திருந்தாராம். அவர் சிங்களவர், நல்லவர் என்று பெயர். மேசைக்கு அந்தப் பக்கம் அவரும், பக்கத்தில் விஜிதரனும், ஓரமாகத் தொழிற்சங்கத் தலைவர் இராமையாவும் உட்கார்ந்திருந்தார்கள். பிரியந்தி நின்றுகொண்டே சொன்னாள். எந்த மலை, எந்த மரம், என்ன கிழமை, கண்டாக்கு என்ன பதில் சொன்னார் என்று ஒன்றும் விடாமல் சொன்னாள். விஜிதரன் அப்படி எதுவும் தனக்குச் சொல்லப்படவில்லை என்றான். ஜீவராணியைக் கூப்பிட்டார்கள்.

ஜீவராணி இஸ்திரி போட்ட சேலை கட்டி வந்திருந்தாள். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பிரியந்தி கண்டாக்குகிட்ட கூட்டப் பத்திச் சொன்னத நீங்க கேட்டீங்களா?" என்று தலைவர் கேட்டார்.

"இல்லீங்க."

பிரியந்திக்கு முதலில் அது காதில் சரியாக விழவில்லை. ஜீவராணி கேள்வியைப் புரிந்துகொள்ளவில்லை போல என்று நினைத்து, "அன்னிக்கு ஜீவராணி, சாக்கு மாத்தப் போனமே, அப்ப..." என்று எடுத்துக் கொடுக்கப் பார்த்தாள். தலைவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எனக்கு ஒன்னும் கேக்கலீங்க" என்றாள் ஜீவராணி. குரல் நடுங்கவில்லை, வீட்டிலேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த குரல். "அவங்க நெரயில நின்னாலே எதாச்சும் நடக்கும்னு எல்லாரும் சொல்லுவாங்க. மூனு தடவ நடந்திருச்சு. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதாங்க."

விஜிதரன் அதைச் சிங்களத்தில் சொன்னான். சின்னத்துரை பேனாவை மூடிவிட்டு, முதல் முறையாகப் பிரியந்தியை நிமிர்ந்து பார்த்தார். "மூசல" என்று மெல்லச் சொன்னார். மூதேவி என்று அர்த்தம். கொட்டகலை பஸ்ஸில் சண்டை வரும்போது அவள் பலமுறை கேட்ட சொல்தான். யாரும் மொழிபெயர்த்துச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

அத்தோடு முடிந்தது. குளவி தெய்வச் செயல் என்று எழுதினார்கள். மற்றப் பெண்கள் மனம் குழம்பாமல் வேலை செய்யவேண்டும் என்பதற்காகப் பிரியந்தியைக் கொழுந்திலிருந்து எடுத்து, தனியாகப் புல்வெட்டப் போட்டார்கள். அடுத்த திங்கட்கிழமை காலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது ஜீவராணியின் பெயர் புள்ளக்காம்பராவுக்கு வாசிக்கப்பட்டது. வேலைக்குப் போகும் தாய்மார் விட்டுப்போகும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மழை இல்லை, அட்டை இல்லை, குளவி இல்லை. தோட்டத்துப் பெண்கள் வருடக்கணக்காகக் காத்துக் கிடக்கும் வேலை. பெயர் வாசிக்கப்பட்டபோது ஜீவராணி திரும்பிப் பார்க்கவில்லை. அப்போதுதான் பிரியந்திக்கு, பீலியடியில் தன் கையைப் பிடித்தபோதே அவள் முடிவு செய்துவிட்டாளா, அல்லது அந்த இரண்டு நாளில்தான் விலை பேசினார்களா என்ற கேள்வி வந்தது. சத்தியம் உண்மையாக இருந்து பிறகு உடைந்திருந்தால் கொஞ்சம் தாங்கலாம் போலிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் சிரிப்பதும், பிள்ளைக்குச் சோறூட்டுவதும், பாத்திரம் கழுவுவதும் தினமும் கேட்டது. ஒருநாளாவது இந்தச் சுவரைத் தட்டுவாள் என்று பிரியந்தி ஒரு மாதம் காத்திருந்தாள்.

புல்வெட்டுக்குப் போனவளுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. யாரும் அவளோடு வருவதில்லை. எந்த மலைக்கும் அவள் தனியாகப் போய் வரலாம். வேலைக்கு நடுவே மரங்களை அண்ணாந்து பார்த்தாள். இரண்டு வாரத்தில் பதினாறு கூடுகளைக் கண்டாள். யாரிடம் சொல்வது? சொன்னாலும் அதை அவள் வரவழைத்ததாகத்தான் பேசுவார்கள். வீட்டுக்கு வந்து, பெட்டியில் கிடந்த சிவப்புச் சேலை ஒன்றை எடுத்து நீளமாகக் கிழித்தாள். கூடு இருக்கும் ஒவ்வொரு மரத்தின் அடிமரத்திலும், நிரையில் வருகிறவர்களின் கண்ணில் படும் உயரத்தில் ஒரு துண்டைக் கட்டினாள். இந்த மரத்துக்குக் கிட்டே வராதே என்று அதற்கு அர்த்தம். பார்க்கிறவர்களுக்கு அது புரியும் என்று நினைத்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஒன்பதாம் நம்பர் மலையில் துணி கட்டிய மரத்தடியில் சூடம் எரிந்த கரி கிடந்தது. மறு வாரம் எலுமிச்சம்பழம், மஞ்சள், விபூதி. காளியம்மன் வந்து எல்லை கட்டியிருக்கிறாள் என்று தோட்டம் முழுக்கப் பேச்சு. பெண்கள் தூரத்தில் நின்றே கும்பிட்டுவிட்டு, அந்த மரத்தைச் சுற்றிப் பத்தடி விட்டுக் கொழுந்தெடுத்தார்கள். ஒருவரையும் குளவி கொட்டவில்லை. சின்னத்துரைகூட ஜீப்பை நிறுத்தி, தொப்பியைக் கழற்றிவிட்டுப் போனார் என்றார்கள். கூட்டைக் கலைக்க ஒரு ஆளையும் அனுப்பவில்லை.

பிரியந்தி கொட்டகலைக் கடைவீதிக்குப் போனாள். மஃறூப் முதலாளியின் கடை அப்போதுதான் திறந்திருந்தது. தண்ணீரில் அழியாத கறுப்பு மைப் பேனா ஒன்று வேண்டும் என்று கேட்டாள். குளவிக்காரி என்ற பேச்சு கடைவீதி வரைக்கும் வந்திருந்தது; அவர் சங்கடப்பட்டார். வேறு யாராவது ஒருவர் முதலில் வாங்கட்டும், கொஞ்சம் ஓரமாக நிற்க முடியுமா என்று கேட்டார்.

"எங்கட மார்க்கத்துல சகுனம் பாக்கவே கூடாது தங்கச்சி" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். "ஆனா இது ஸபர் மாசம், பீடை மாசம் எண்டு சொல்லுவாங்க. வியாபாரமும் சரியில்ல. தப்பா நெனைக்க வேணாம்."

அவள் தப்பாக நினைக்கவில்லை. ஓரமாக நின்றாள். காளியாயிக்கு ஆந்தை அலறினால் ஆகாது. துரைக்கு ராகு நேரம் ஆகாது. முதலாளிக்கு ஸபர் மாதம் ஆகாது. பழைய பெரியதுரை பங்களா ஹோட்டலானபோது, வருகிற வெள்ளைக்காரர்களுக்கு ஆகாது என்று பதின்மூன்றாம் அறையே இல்லாமல் பன்னிரண்டுக்கு அடுத்துப் பதினாலு என்று எழுதினார்கள். ஒருவர் பயப்படுவதைப் பார்த்து மற்றவர் சிரிப்பார். அவள் விஷயத்தில் மட்டும் இந்த ஊரில் எல்லோருக்கும் ஒரே மனம். ஒரு பையன் வந்து பிஸ்கட் வாங்கிப் போனான். முதலாளி பேனாவைக் கொடுத்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஒன்பதாம் நம்பர் மலை மரத்தடிக்கு அவள் போனபோது அங்கே ஜீவராணி நின்றாள். புள்ளக்காம்பராவின் மதிய இடைவேளையில் சூடத்தட்டோடு வந்திருந்தாள். கும்பிட்டுக்கொண்டிருந்த கை பாதியில் நின்றது. துணியின் கரையைப் பார்த்தாள், பிரியந்தியைப் பார்த்தாள். அந்தச் சேலையை அவள் தன் தங்கையின் கல்யாணத்துக்கு இரவல் வாங்கி உடுத்தியிருக்கிறாள்.

"அக்கா... இது உங்க சேலதானே?"

"ஆமா. கும்புட்டது போதும், மேல பாரு."

ஜீவராணி அண்ணாந்தாள். கிளைக்கு நடுவே குடம் போல் தொங்கியது கூடு. கண்ணை எடுக்காமல் இரண்டடி பின்னால் நகர்ந்தாள். அழ ஆரம்பித்தாள். வெகு நேரம் கழித்து, தாழ்ந்த குரலில் கெஞ்சினாள்:

"நீங்க கட்டுனதுன்னு யாருகிட்டயும் சொல்லிறாதீங்கக்கா. தெரிஞ்சா எல்லாத்தையும் அவுத்து எறிஞ்சிருவாங்க. சாமி கட்டுனதாவே இருக்கட்டும். மனுசங்க உசுரு தப்புதுல்ல."

விசாரணை நாளுக்குப் பிறகு ஜீவராணி அவளிடம் சொன்ன உண்மையான வார்த்தை இது ஒன்றுதான். அதுவும் பிரியந்தியின் பெயரை மறைக்கச் சொல்லும் வார்த்தை.

பிரியந்தி பேனாவைத் திறந்தாள். துணியை இடது கையால் இழுத்துப் பிடித்து, பெரிய எழுத்தில் நிதானமாக எழுதினாள்: மேலே குளவிக்கூடு. கீழே திகதி. அதற்குக் கீழே: பிரியந்தி.

"அன்னிக்கு நான் சொன்னது உனக்குக் கேக்கல" என்றாள். "இனிமே எழுதியே வச்சிர்றேன். உனக்கு வாசிக்கத் தெரியுமில்ல?"

ஜீவராணி சூடத்தட்டை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

அன்று இருட்டுவதற்குள் பதினாறு மரத்துத் துணிகளிலும் பிரியந்தி எழுதி முடித்தாள். மறுநாள் பெரட்டுக்கு முன்பே தோட்டம் முழுக்க விஷயம் தெரிந்திருந்தது. புல்வெட்டப் போனபோது முதல் மரத்துத் துணி அவிழ்த்து வீசப்பட்டு, சேற்றில் மிதிபட்டுக் கிடந்தது. அதை எடுத்து உதறினாள். எழுத்து அழியவில்லை. மறுபடி கட்டினாள். இந்த முறை முடிச்சை இரண்டாகப் போட்டு இறுக்கிவிட்டு, அடுத்த மரத்தைப் பார்க்க நடந்தாள்.